முயல் வீட்டுக்கு வந்த கதை



இந்தக் கோடை விடுமுறையில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன், துபாயிலிருந்து ஒரு மாணவி, பிறகு என் தம்பி மகள். "பிள்ளை முயல் வேணும்னு அடம்பிடிக்கிறான், வாங்கிக் குடுக்கலாமா?" ஆளாளுக்குத் தனித்தனியாக எழுத என் கண்ணுக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வரலாற்று டீச்சரிடம் கேட்டால் பதில் ரோமாபுரி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரும். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நமக்கு முயல் என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு விலங்குகள் இருக்கின்றன. நம் கரிசல் காட்டில் கம்பங்கொல்லையிலும் உளுந்துச் செடிக்கு நடுவிலும் திடீரென்று காலடியில் இருந்து துள்ளி ஓடுமே, பழுப்பு நிறம், பிடரியில் கறுப்பு, நீண்ட கால், அது காட்டு முயல். படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் யானைக்கு எதிரே நிறுத்துகிற முயல் அதுதான். பாஞ்சாலங்குறிச்சியில் நாயைத் திருப்பி விரட்டியதாகச் சொல்லும் முயலும் அதுதான். நிலாவில் நம் பாட்டிமார் காட்டிய முயலும் அதே.

கடையில் கூண்டுக்குள் வெள்ளையாக, சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பது அதுவல்ல. ஆங்கிலத்தில் முன்னதை 'ஹேர்' என்றும் பின்னதை 'ராபிட்' என்றும் பிரித்துச் சொல்வார்கள். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், வளர்ப்பு முயலுக்கு 44. இரண்டும் கூடிக் குட்டி போடாது. காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் ரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ மொட்டை உடம்பும் மூடிய கண்ணுமாக, பார்க்கவே பரிதாபமாகப் பிறக்கும். முன்னது வெட்டவெளியில் பிறக்கிற பிள்ளை, பின்னது மண்ணுக்கடியில் அறைக்குள் பிறக்கிற பிள்ளை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அறுவடை நேரத்தில் வயலில் தனியாகக் கிடக்கும் காட்டு முயல் குட்டியை, தாய் விட்டுப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வருவது நம் ஊரில் சாதாரணம். தாய் விட்டுப் போகவில்லை. பகலெல்லாம் குட்டியின் பக்கத்தில் இருந்தால் நரிக்கும் நாய்க்கும் அடையாளம் காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்று தள்ளி இருக்கும்; பாலூட்ட மட்டும் வரும். வீட்டுக்கு வந்த குட்டி பசும்பால் குடித்து வயிறு கெட்டு இரண்டொரு நாளில் பெரும்பாலும் செத்துப்போகும். அதோடு 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே ஊர்ப்பக்கம் இருக்கிற பிள்ளைகளே, வயலில் கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். உலகத்தில் எங்குமே இந்தக் காட்டு முயலை மனிதன் வீட்டு விலங்காக்கியதில்லை. வீட்டுக்கு வந்தது மற்றதுதான். அதன் கதைக்குப் போவோம்.

அதன் சொந்த ஊர் ஸ்பெயினும் போர்ச்சுகலும், ஒட்டியிருக்கும் தெற்கு பிரான்சும். ஸ்பெயின் என்ற பெயரே அதனால் வந்தது என்று ஒரு கருத்து உண்டு. அந்தக் கரைக்கு வணிகம் செய்ய வந்த பினீசியர்கள் வளைக்குள் ஓடும் இந்தப் பிராணியைப் பார்த்து, தங்கள் நாட்டில் பாறை இடுக்கில் வாழும் வேறொரு பிராணியின் பெயரால் அந்த நாட்டை அழைத்தார்களாம். அதுவே 'ஹிஸ்பானியா' ஆனதாம். மொழி அறிஞர்கள் இதை இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ரோமானியர் மனதில் ஸ்பெயினும் முயலும் சேர்ந்தே இருந்தன என்பதற்கு நாணயமே சாட்சி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் ஹேட்ரியன் வெளியிட்ட காசுகளில் ஹிஸ்பானியா ஒரு பெண்ணாகச் சாய்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு குட்டி முயல். காசில் படம் போட்டால் பாமரனுக்கும் புரிய வேண்டும் அல்லவா?

அதற்கு முன்பே முயல் ரோமாபுரிக்குத் தலைவலி கொடுத்திருக்கிறது. ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேரிக் தீவுகளில் யாரோ கொண்டுபோய் விட்ட முயல்கள் பெருகிப் பயிரையெல்லாம் தின்று தீர்த்தன. தீவு மக்கள் பேரரசர் அகஸ்டசிடம் படை அனுப்பச் சொல்லி மனுப் போட்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். முயலை அடக்கப் பட்டாளம்! முயல்கள் அடியில் வளை தோண்டியதால் ஸ்பெயினில் ஓர் ஊரே சரிந்தது என்று வாரோ சொன்னதையும் அவரே குறிக்கிறார். கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் தோண்டுவது, பெருகுவது என்ற இரண்டு குணங்களும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பதிவாகிவிட்டன.

ரோமப் பணக்காரர்கள் முயலைச் சுவர் எழுப்பிய தோட்டங்களில் அடைத்து வைத்துச் சாப்பிட்டார்கள். எல்லோருமே சாப்பிடத்தான் வைத்திருந்தார்களா என்றால், இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் எலும்புத் துண்டு குறுக்கே வருகிறது. இங்கிலாந்தின் தென்கரையில் பிஷ்போர்ன் என்ற இடத்தில் ஒரு ரோம மாளிகை. 1964இல் அங்கே தோண்டியபோது கிடைத்த எலும்புகளுக்குள் 4 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கால் எலும்புத் துண்டு. யாரும் கவனிக்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. 2017இல் ஓர் ஆய்வாளர் எடுத்துப் பார்த்தபோதுதான் அது முயல் எலும்பு என்று தெரிந்தது. கார்பன் முறையில் காலம் கணித்தார்கள்: கி.பி. 1ஆம் நூற்றாண்டு. அதுவரை இங்கிலாந்துக்கு முயல் வந்தது அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, நார்மானியர் காலத்தில்தான் என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொன்று, அந்த எலும்பில் வெட்டுக்காயம் எதுவும் இல்லை. அடைத்து வளர்க்கப்பட்ட முயல் என்றும் சோதனையில் தெரிந்தது. ஆகவே மாளிகைக்காரர் எவரோ ஆசைக்கு வளர்த்த முயலாக இருக்கலாம் என்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போக முடியாது. ஆனால் கடல் தாண்டிக் கொண்டுவந்து, தின்னாமல் வைத்திருந்த ஒரு முயலை நினைத்தால் எனக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகம் கண்ணில் தெரிகிறது.

இப்போது ஒரு பொய்க்கதை. முயல் எப்படி வீட்டு விலங்காயிற்று என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது இருக்கும்: கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, பிறந்தவுடன் உள்ள முயல் குட்டியும் வயிற்றிலிருக்கும் குட்டியும் இறைச்சியல்ல, மீனுக்குச் சமம், தவக்காலத்தில் உண்ணலாம் என்று ஆணையிட்டாராம், உடனே பிரான்ஸ் நாட்டுத் துறவிகள் மடங்களில் முயல் வளர்க்கத் தொடங்கினார்களாம், முயல் சாதுவாகிவிட்டதாம். கேட்கக் கோர்வையாக இருக்கிறது. 2018இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சிலர் அந்த ஆணையைத் தேடிப் புறப்பட்டார்கள். அப்படி ஓர் ஆணையே கிடையாது. உண்மையில் இருந்தது வேறு. தூர் நகரத்து ஆயர் ஒருவர், அவர் பெயரும் கிரிகோரிதான், 6ஆம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்று நூலில் ரோக்கோலன் என்ற ஓர் அடாவடிக்காரனைப் பற்றிச் சொல்கிறார். அவன் நோயாகக் கிடந்தும் தவக்காலத்தில் முயல் குட்டி தின்றான், செத்தான். அவ்வளவுதான் செய்தி. பின்னால் வந்தவர்கள் ஒரு கிரிகோரியை இன்னொரு கிரிகோரியாக்கி, ஒருவன் தின்றதைப் போப்பின் ஆணையாக்கிவிட்டார்கள். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத, அறிவியல் கட்டுரைகளில்கூட ஏறிவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான முயல் கிடைக்காது. மூல ஆவணத்தைப் பார்க்காமல் வரலாறு எழுதாதே என்று வகுப்பில் நான் கத்தியது இதற்காகத்தான், புரிகிறதா?

அப்படியானால் எப்போது வீட்டு விலங்காயிற்று? இந்தத் தேதியில் என்று சொல்ல ஒரு நாள் இல்லை என்பதே அந்த ஆய்வாளர்களின் முடிவு. வேட்டை, அடைத்து வைத்தல், தீவில் விடுதல், தோட்டம், கூண்டு என்று படிப்படியாக, நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது.

நடுக்காலத்தில் இங்கிலாந்தில் முயல் ஒரு சீமான் பொருள். வெப்பமான நாட்டுப் பிராணி, ஈரக் களிமண்ணில் தோண்டத் திணறியது. அதனால் அதற்காகவே மண்ணை நீளமான திண்டு போலக் குவித்து, உள்ளே வளைபோட்டுக் கொடுத்தார்கள்! காவலுக்கு ஆள் போட்டார்கள். தெட்போர்டு என்ற இடத்தில் 1400 வாக்கில் கட்டிய முயல் காவலர் வீடு இன்னும் நிற்கிறது. பார்த்தால் சிறு கோட்டை மாதிரி இருக்கும், சுவர் அவ்வளவு தடிமன். முயல் திருடர்களுக்கு அவ்வளவு பயம். முயல் பிடிக்கும் உரிமை பிரபுவுக்கும் மடத்துக்கும் மட்டும். அது குடியானவன் பயிரைத் தின்றாலும் அவன் கை வைக்கக்கூடாது. 1381 விவசாயிகள் கிளர்ச்சியை பிளஸ் டூவில் நான் நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருப்பவர்கள் கை தூக்குங்கள். அப்போது செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மக்கள் ஒரு முயலைப் பிடித்துக் குற்றவாளிகளைக் கட்டிவைக்கும் மரத்தில் எல்லோரும் பார்க்கக் கட்டினார்கள். இனி முயல் எங்களுக்கும் சொந்தம் என்று அதற்குப் பொருள். பாவம், உரிமைப் போரில் சிக்கியது வாயில்லாப் பிராணி.

அதே காலத்தில் இன்னொரு காட்சி. 1387இல் வின்செஸ்டர் ஆயர் வில்லியம் என்பவர் ரோம்சி கன்னிமடத்துக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் அனுப்புகிறார். கன்னியாஸ்திரிகள் பறவை, முயல், நாய் எல்லாவற்றையும் கோயிலுக்குள் தூக்கி வருகிறார்கள். பிரார்த்தனையைவிட அவற்றின் மீதுதான் கவனம். இதை நிறுத்த வேண்டும் என்கிறார். எனக்குத் தெரிந்து, முயலை ஆசைக்காக வளர்த்ததற்கு ஐயமில்லாத பழைய எழுத்துச் சாட்சிகளில் இது ஒன்று. பிள்ளை குட்டி இல்லாத பெண்கள், மடியில் வைத்துக்கொள்ள ஒரு முயல். ஆயருக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பெண்கள் மீது எனக்கு வருவது வேறு உணர்வு.

பின் நூற்றாண்டுகளை வேகமாகத் தாண்டுகிறேன். 1530 வாக்கில் தித்தியன் வரைந்த ஓவியத்தில் மாதா கையருகே தூய வெள்ளை முயல் ஒன்று வந்துவிட்டது. காட்டில் அந்த நிறம் பிழைக்காது, மனிதன் பொறுக்கி எடுத்து வளர்த்த நிறம். 19ஆம் நூற்றாண்டில் தொங்கு காது, பெரிய உடம்பு, விதவித நிறம் என்று போட்டி வைத்து வளர்த்தார்கள். நகரத் தொழிலாளிகள் கொல்லையில் மரப்பெட்டி வைத்து இறைச்சிக்கும் வளர்த்தார்கள். 1902இல் வெளியான பீட்டர் ராபிட் கதையை உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் தன் முயலுக்குக் கயிறு கட்டி நடக்கக் கூட்டிப் போனவர். அவர் கதையிலேயே பீட்டரின் அப்பாவைத் தோட்டக்காரர் மனைவி சமைத்துவிட்டிருப்பார்! ஒரே வீட்டில் ஒரு முயல் சட்டியில், இன்னொன்று மடியில். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது பிரிட்டன் அரசே மக்களைக் கொல்லையில் முயல் வளர்க்கச் சொல்லி ஊக்கப்படுத்தியது.

இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அந்த மரப்பெட்டி, அந்தக் கம்பிக் கூண்டு யாருக்காகச் செய்தது? பத்துப் பன்னிரண்டு வாரத்தில் அறுக்கப்போகும் முயலுக்காக. அது நகரக்கூடாது, நகர்ந்தால் எடை ஏறாது. கழிவு கீழே விழ வேண்டும், அதனால் அடியிலும் கம்பி. தின்பதற்கான முயல் போய் கொஞ்சுவதற்கான முயல் வந்தபோது முயலை மாற்றினோம், பெயர் வைத்தோம், கூண்டை மட்டும் மாற்றவில்லை. நன்றாகக் கவனித்தால் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டு வரை வாழும். மூன்று மாதத்துக்குச் செய்த பெட்டியில் பத்து ஆண்டு. இன்று கடையில் "முயல் கூண்டு" என்று விற்பது அதன் பேரன்தான்.

வேண்டும்போது தூக்கிக் கொண்டாடி, வேண்டாதபோது கைகழுவுவதும் முயல் வரலாற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. 1870களின் தொடக்கத்தில் டோக்கியோவில் வெளிநாட்டு முயல் வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. புள்ளி போட்ட முயலுக்கு மலையளவு விலை. வேலையை விட்டு முயல் வியாபாரம் செய்தார்கள். 1873 கடைசியில் அரசு ஒரு முயலுக்கு மாதம் ஒரு யென் வரி போட்டது. விலை சரிந்தது. நேற்றுவரை மாணிக்கமாக இருந்தது இன்று தீனிக்குக்கூடத் தகுதியில்லாததாகி, கறியாகவும் தோலாகவும் போயிற்று.

ஆஸ்திரேலியாக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1859 கிறிஸ்துமஸ் நாளில் 'லைட்னிங்' என்ற கப்பல் மெல்போர்னில் 24 முயல்களை இறக்கியது. தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக வரவழைத்தவை. அங்கிருந்து கண்டம் முழுக்கப் பரவின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை வேலி போட்டார்கள். ஒரு வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியில் தொடங்கி நாக்பூரைத் தாண்டும் தூரம். முயல் நிற்கவில்லை. 1950இல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பினார்கள். முதலில் தாக்கிய முயல்களில் கிட்டத்தட்ட எல்லாமே செத்தன. பிழைத்தவை எதிர்ப்புச் சக்தியோடு மறுபடி பெருகின. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இன்றும் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டப்படி குற்றம். பிரிஸ்பேனில் இருக்கிற நம் பிள்ளைகள் கவனிக்க.

இந்தக் கதையில் 2022இல் ஒரு புதுப் பக்கம் சேர்ந்தது. 1788இல் முதல் குடியேறிகளோடும், அதற்குப் பிறகும் பல முறை முயல்கள் அங்கே போயிருக்கின்றன. அவை ஏன் இப்படிப் பரவவில்லை? மரபணுவைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்: முன்னால் போனவை பெரும்பாலும் வீட்டு முயல்கள், சாதுவானவை. ஆஸ்டினின் முயல்களில்தான் காட்டு இரத்தம் இருந்தது. நம் ஊரில் முயல் சலித்துப்போனால், "தோப்புல விட்டா பொழச்சிக்கும்" என்று விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பொழைக்காது. வெள்ளை உடம்பு தூரத்திலிருந்தே தெரியும். தெருநாய்க்கு ஒரு ராத்திரி போதும்.

பிரான்சில் நடந்தது இன்னும் விசித்திரம். 1952இல் அர்மான் தெலில் என்ற மருத்துவப் பேராசிரியர், சுவர் எழுப்பிய தன் பண்ணைக்குள் முயல் தொல்லையை ஒழிக்க அதே வைரஸ் ஏற்றிய இரண்டு முயல்களை விட்டார். இரண்டே இரண்டு. வைரஸுக்குச் சுவர் ஏது? அடுத்த ஆண்டே இங்கிலாந்து வரை போய்விட்டது. ஐரோப்பா முழுக்கக் காட்டு முயலோடு வீட்டு முயலும் கண் வீங்கிச் செத்தது. ஸ்பெயினில் முயலையே நம்பி வாழும் சிவிங்கிப்பூனை பட்டினியில் அழிந்து, 2002 வாக்கில் நூறுக்கும் கீழே போனதற்கு முயல் குறைந்தது பெரிய காரணம். உலகமெல்லாம் தொல்லை என்று விரட்டப்படும் பிராணி, தன் தாய்மண்ணில் இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சரி, இந்த ஈராயிரம் ஆண்டில் நாம் முயலிடம் மாற்றியது என்ன? 2014இல் வெளியான மரபணு ஆய்வு, காட்டில் வாழ்வதையும் வீட்டு முயலையும் ஒப்பிட்டது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மூளை, நரம்பு வளர்ச்சியைச் சார்ந்த பல மரபணுக்களில் சின்னச் சின்ன மாற்றங்கள். 2018இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்ததில், பயத்தை ஆளும் பகுதி வீட்டு முயலில் சுருங்கியிருந்தது. பயம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது ஸ்பெயின் நாட்டுக் காய்ந்த மேட்டில் கூட்டமாக வளை தோண்டி, காய்ந்த புல்லைக் கடித்து, கழுகுக்குப் பயந்து வாழ்ந்த அதே பிராணி.

அதைத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறை பாதி தானாகவே விளங்கும். அது தின்றது கரடுமுரடான புல். அதனால் பல் ஆயுள் முழுக்க வளரும்படி அமைந்திருக்கிறது. புல்லைக் கடித்து அரைத்தால்தான் தேயும். இல்லாவிட்டால் பல் வளைந்து வாயையே கிழிக்கும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு உலர்ந்த புல்லாகவே இருக்கட்டும். நம் ஊரில் அருகம்புல் கிடைக்கிறது, அறுத்துக் காயவைத்துக் கொடுங்கள். கூடவே கொத்தமல்லி, கொஞ்சம் கீரை. கேரட் படக்கதைச் சமாச்சாரம். அதில் இனிப்பு அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். பிஸ்கட், சோறு, பால் கூடவே கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தீனி தொடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள், அது உயிர் போகிற அவசரம். தன் பின்பக்கம் குனிந்து மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையைத் தின்பதைப் பார்த்து அருவருத்துத் தடுக்காதீர்கள். மாடு அசைபோடுவது மாதிரி அதற்கு அது. புல்லில் உள்ள சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது.

வளைக்குள் கூட்டமாக வாழ்ந்தது, ஆகவே தனி முயல் வாடும். இரண்டு வளர்ப்பதே நல்லது. ஆனால் "ரெண்டும் பொட்டைதான்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கினால், சில மாதத்தில் வீட்டில் எட்டு இருக்கும். நான்கு ஐந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் 30, 31 நாள், குட்டி போட்ட அன்றே மறுபடி சினைபிடிக்கவும் கூடும். பலேரிக் தீவுக்காரர்கள் பட்டாளம் கேட்டது சும்மா இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிடுங்கள். பெண் முயலுக்கு வயதானால் கர்ப்பப்பைப் புற்று வருவது மிக அதிகம், அதற்கும் அதுவே வழி. ஒருவேளை குட்டி போட்டுவிட்டால், தாய் பக்கத்திலேயே போகவில்லை என்று பதறி ஊட்டுப்பால் தேடாதீர்கள். நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான் பாலூட்டும். வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுத் தள்ளி இருந்த பழக்கம் இரத்தத்தில் இருக்கிறது.

அது இரையாக வாழ்ந்த பிராணி. நோய் வந்தால் வெளியே காட்டாது, காட்டினால் கழுகு முதலில் அதைத்தான் தூக்கும். தரையிலிருந்து தூக்கினாலே கழுகு என்றுதான் நினைக்கும். துள்ளி உதைத்தால் அதன் முதுகெலும்பு அதன் உதையிலேயே முறியும். எலும்பு அவ்வளவு லேசு, பின்கால் தசை அவ்வளவு பலம். காதைப் பிடித்துத் தூக்குவது பாவம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கட்டிப்பிடித்துத் தூங்கத்தான் முயல் வேண்டுமென்றால் பொம்மை முயல் வாங்கிக் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து, அது தானாக மடியேறும் வரை காத்திருக்கிற பொறுமை பிள்ளைக்கு இருந்தால் நிஜ முயல் சரிப்படும்.

நம் ஊர் வெயில் அதற்குப் பெரிய எதிரி. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். அதன் மூதாதை வெயிலில் குளிர்ந்த வளைக்குள் போய்விடும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் அடைத்துவைத்த முயல் எங்கே போகும்? வீட்டுக்குள், சிமென்ட் தரையில், காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மண்பானையைப் படுக்கவைத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அதுதான் அதற்கு வளை. ஓசூர் பரவாயில்லை. துபாய்க்காரி இரண்டு முறை யோசிக்க வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வாய் கண்ணு?

மருத்துவர் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடு, ஆடு, நாய் பார்க்கிற எல்லோரும் முயல் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. வாங்குவதற்கு முன்பே முயல் பார்க்கத் தெரிந்தவர் உங்கள் ஊரில் யார் என்று விசாரியுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். நமக்கு மருந்து, அதற்குக் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே எடுத்துவிடும்.

என் தம்பி மகளுக்கு நான் போனில் சொன்ன பதில் இது: பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. முயல் நன்றாக வாழ்ந்தால் அவன் கல்லூரி சேரும்போதும் அது வீட்டில் இருக்கும். அவன் விடுதிக்குப் போனபின் புல் அறுத்துப் போடுவது யார் என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள்தான் என்று முடிவானால் வாங்குங்கள். கூண்டு வேண்டாம், பால்கனியை அடைத்து அதையே அறையாக்குங்கள், வயர்களை மேலே ஏற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் முதலில் போவது உன் சார்ஜர். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கொடுத்தால் வாங்காதே. யாராவது வளர்க்க முடியாமல் தவிக்கும் பெரிய முயலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. குணம் தெரிந்து எடுக்கலாம்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்ற இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். பண்ணை நோக்கம் வேறு, இறைச்சிக்குத்தான். ஆனாலும் பெரிய முயல் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குக் காட்ட நல்ல இடம். அந்தப் பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள் யாராவது சமீபத்தில் போயிருந்தால், பார்வையாளர்களை எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவர் உங்கள் ஊரில் இருந்தால் அதையும் எழுதுங்கள், மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.